உங்கள் எஸ்.எஸ்.டி.க்கு ஆயுசு எவ்வளவு?

2013 ஆகஸ்ட். ‘தி டெக் ரிப்போர்ட்’ என்ற கணினித் துறை இணைய இதழ், ஆறு எஸ்.எஸ்.டி.களைச் சாகும்வரை வேலை வாங்குவதென்று முடிவுசெய்தது. இன்டெல், கோர்செர் நிறுவனங்களின் டிரைவ்கள் தலா ஒன்று, கிங்ஸ்டனில் இரண்டு, சாம்சங்கில் இரண்டு. எல்லாம் 240 முதல் 256 ஜிபி வரை கொள்ளளவு உள்ளவை, கடையில் யாரும் வாங்கக்கூடிய சாதாரணச் சரக்கு. ஃபைல்களை எழுதி நிரப்பு, அழி, மறுபடி நிரப்பு. இதுதான் சோதனை. இரவும் பகலும் இந்த வேலை ஓடியது. இடையிடையே நிறுத்தி, முன்பே பதிந்துவைத்த ஃபைல் ஒன்று சிதையாமல் இருக்கிறதா என்று சரிபார்த்தார்கள்.

முதல் பலி 728 டெராபைட்டில் விழுந்தது, கிங்ஸ்டன் டிரைவ்களில் ஒன்று. 750-ஐத் தொட்டதும் இன்டெல் எழுதுவதை நிறுத்திக்கொண்டது. கணினியை அணைத்துப் போட்டபோது, அப்படி ஒரு டிரைவ் இருப்பதே கணினிக்குத் தெரியவில்லை. சாம்சங் 840 தொள்ளாயிரத்தைத் தாண்டிப் போய் விழுந்தது. கோர்செர் 1.2 பெட்டாபைட், அதாவது 1,200 டெராபைட்வரை தாங்கியது. இரண்டாவது கிங்ஸ்டன் 2.1 பெட்டாபைட். கடைசியாக நின்ற சாம்சங் 840 புரோ 2.4 பெட்டாபைட் எழுதிய பிறகுதான் அடங்கியது. அதற்குள் 2015 மார்ச் வந்துவிட்டது.

2.4 பெட்டாபைட் என்பதை வீட்டுக் கணக்கில் பார்ப்போம். தினமும் 30 ஜிபி எழுதுகிறவர், அந்த அளவைத் தொட 219 ஆண்டுகள் ஆகும்.

இந்தச் சோதனை நடந்து பத்து வருடங்களுக்கு மேலாகிறது. ஆனாலும் “எஸ்.எஸ்.டி.யில் நிறைய எழுதினால் சீக்கிரம் போய்விடும்” என்ற பயம் மட்டும் போகவில்லை. புது லேப்டாப் வாங்கியவரிடம் யாராவது ஒருவர் சொல்லிவிடுகிறார்: டவுன்லோடுகளை அதில் வைக்காதீர்கள், ஹைபர்னேஷனை அணைத்துவிடுங்கள், பேஜ் ஃபைலை நிறுத்திவிடுங்கள். பயப்பட வேண்டிய விஷயம் எஸ்.எஸ்.டி.யில் உண்டு. ஆனால் அது இருக்கும் இடம் வேறு.

தேய்வது எது?

அடிப்படையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். தோஷிபாவில் ஃபுஜியோ மசுவோகா என்ற பொறியாளரின் குழு உருவாக்கி, 1987-ல் உலகுக்குக் காட்டிய ‘நாண்ட் ஃபிளாஷ்’ சிப்தான் எஸ்.எஸ்.டி.யின் உயிர். இதில் சுழலும் தட்டும் இல்லை, நகரும் ஊசியும் இல்லை. கோடிக்கணக்கான நுண்ணிய செல்கள். ஒவ்வொன்றிலும் சிறைப்பட்ட எலெக்ட்ரான்கள். எத்தனை எலெக்ட்ரான் இருக்கிறது என்பதுதான் தகவல்.

எலெக்ட்ரானை உள்ளே தள்ளவும் வெளியே இழுக்கவும் ஏறத்தாழ 20 வோல்ட் அழுத்தம் தேவை. செல்லைச் சுற்றியுள்ள மெல்லிய ஆக்சைடு சுவர், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சேதமாகிறது. ஒரு கட்டத்தில் சுவர் கசியத் தொடங்கும். இதுதான் தேய்மானம். இன்னொரு சிக்கல், எழுதுவது சின்னச் சின்னப் பக்கங்களாக நடந்தாலும் அழிப்பது பெரிய தொகுதியாக மட்டுமே நடக்கும். சிலேட்டில் ஒரு எழுத்தைத் திருத்த, பலகை முழுவதையும் துடைத்துவிட்டு மறுபடி எழுதுவது மாதிரி. அதனால் நாம் 1 ஜிபி எழுதினால் உள்ளே எழுதப்படுவது அதைவிட அதிகம். டிரைவ் நிரம்பி வழிந்தால் இந்தச் சுமை இன்னும் கூடும்.

ஒரு செல்லில் ஒரு பிட் மட்டும் வைத்த ஆரம்பகால சிப்கள் லட்சம் முறை எழுதி அழிப்பதைத் தாங்கின. விலையைக் குறைக்க இரண்டு, மூன்று, நான்கு பிட் என்று ஒரே செல்லில் திணித்தார்கள். மூன்று பிட் வகைக்கு ஆயிரம் முதல் மூவாயிரம் முறை. நான்கு பிட் வகைக்குச் சில நூறிலிருந்து ஆயிரம்வரை. எண்ணைக் கேட்டால் பகீர் என்றுதான் இருக்கும். ஆனால் டிரைவுக்குள் இருக்கும் கன்ட்ரோலர் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எழுத விடாது. வேலையை எல்லா செல்களுக்கும் பங்கிட்டுக் கொடுத்து, பழுதானதை ஒதுக்கி, உபரியாக வைத்திருக்கும் செல்லை அந்த இடத்தில் கொண்டுவந்துவிடும்.

[பெட்டிச் செய்தி: டப்பாவில் போட்டிருக்கும் எண்]

நிறுவனங்கள் உத்தரவாதத்தோடு ‘டி.பி.டபிள்யூ.’ என்று ஓர் எண் தருகின்றன. மொத்தம் எத்தனை டெராபைட் எழுதலாம் என்ற வரம்பு அது. தினம் 30 ஜிபி எழுதுவதாக வைத்துக்கொண்டால்:

கிங்ஸ்டன் ஏ400, 240 ஜிபி – வரம்பு 80 டெராபைட் – 7 ஆண்டுகளுக்கு மேல்

சாம்சங் 870 ஈவோ, 250 ஜிபி – 150 டெராபைட் – 13 ஆண்டுகளுக்கு மேல்

குருஷியல் பி3, 1 டெராபைட் (நான்கு பிட் வகை) – 220 டெராபைட் – 20 ஆண்டுகள்

சாம்சங் 990 புரோ, 1 டெராபைட் – 600 டெராபைட் – 54 ஆண்டுகள்

வரம்பைத் தாண்டினால் உத்தரவாதம்தான் முடியும், டிரைவ் முடிந்துவிடாது. மேலே சொன்ன சோதனையில் 750 டெராபைட் எழுதிய இன்டெல் டிரைவுக்கு நிறுவனம் சொல்லியிருந்த கணக்கு, தினம் 20 ஜிபி வீதம் மூன்று ஆண்டுகள். மொத்தம் 22 டெராபைட்தான்.

[பெட்டி முடிவு]

வேலைக்காரன் யார்?

மின்னஞ்சல், இணையம், ஆவணங்கள், அவ்வப்போது ஒரு படம். இப்படிப் பயன்படுத்துகிறவர் தினம் 30 ஜிபி எழுதுவதே அபூர்வம். வீடியோ எடிட்டிங் தொழில் செய்பவர்கள் கணக்கு வேறு; அவர்கள் வரம்பைப் பார்த்து வாங்குவதுதான் முறை. மற்றவர்களுக்கு, தங்களுக்குத் தெரியாமல் ஓடும் மென்பொருள்தான் ஆபத்து. 2016 நவம்பரில் ஸ்பாட்டிஃபை செயலி மாட்டிக்கொண்டது இப்படித்தான். பாட்டுக் கேட்காமல் சும்மா திறந்து வைத்திருந்தாலே, தன் தரவுத்தளத்தைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தது. நாளுக்கு நூறு ஜிபிக்கு மேல் எழுதுவதாகப் பலர் கண்டுபிடித்துச் சொன்ன பிறகு நிறுவனம் திருத்தம் வெளியிட்டது.

அதைவிடப் பெரிய கதை 2021-ல் வந்த சியா என்ற கிரிப்டோ நாணயம். பிட்காயின் மின்சாரத்தைத் தின்கிறது, இது காலி இடத்தை மட்டும் பயன்படுத்துகிறது என்று விளம்பரம் ஆனது. ஆனால் அந்த நாணயத்தை ஈட்டத் தேவைப்படும், சுமார் 100 ஜிபி அளவுள்ள ‘பிளாட்’ என்ற ஃபைல் ஒன்றைத் தயாரிக்க, தற்காலிகமாக 1 டெராபைட்டுக்கு மேல் எழுத வேண்டியிருந்தது. வீட்டு எஸ்.எஸ்.டி.கள் வருடக்கணக்கில் எழுதுவதை அது சில வாரங்களில் எழுதிவிட்டது. சில விற்பனையாளர்கள் இந்த வேலைக்குப் பயன்படுத்தினால் உத்தரவாதம் கிடையாது என்று அறிவித்தார்கள். தேய்ந்து சாவது நிஜம்தான். ஆனால் அதற்கு இந்த அளவு உழைப்பு தேவைப்படுகிறது.

வயசா, உழைப்பா?

ஆறு டிரைவ்களை வைத்துச் செய்த சோதனை போதாது என்பவர்களுக்கு, 2016-ல் டொரன்டோ பல்கலைக்கழகத்தின் பியாங்கா ஷ்ரோடரும் கூகுள் பொறியாளர்களும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. கூகுள் தரவு மையங்களில் ஆறு ஆண்டுகள் ஓடிய பத்து மாடல் ஃபிளாஷ் டிரைவ்களின் பதிவுகளை அவர்கள் அலசினார்கள். பிழைகள் எழுத்தின் அளவோடு பொருந்தியதைவிட டிரைவின் வயதோடு அதிகமாகப் பொருந்தின. விலை உயர்ந்த ஒரு பிட் சிப்கள், மலிவான இரண்டு பிட் சிப்களைவிட நம்பகமாக இருந்ததாகவும் தெரியவில்லை.

அதே ஆய்வில் இன்னொரு பக்கம் உண்டு. அதைத்தான் பலர் படிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். ஹார்டு டிஸ்க்கைவிட எஸ்.எஸ்.டி.யை முழுதாக மாற்ற வேண்டிவருவது குறைவு. ஆனால் முதல் நான்கு ஆண்டுகளில், மாடலைப் பொறுத்து 20 முதல் 63 சதவீத டிரைவ்கள் குறைந்தது ஒரு தடவையாவது திருத்த முடியாத பிழையைச் சந்தித்தன. அதாவது டிரைவ் உயிரோடு இருக்கும், அதில் ஒரு துண்டு மட்டும் படிக்க முடியாமல் போயிருக்கும். கூகுளுக்கு அது பிரச்சினை இல்லை, அதே தகவல் வேறு டிரைவ்களில் இருக்கும். வீட்டில் இருப்பது ஒரே பிரதி.

பேக்கப் சேவை நடத்தும் அமெரிக்க நிறுவனமான பேக்பிளேஸ், தன் சர்வர்களில் உள்ள எஸ்.எஸ்.டி.கள் பற்றியும் கணக்கு வெளியிட்டுவருகிறது. அங்கே ஆண்டுக்கு ஏறத்தாழ நூற்றில் ஒன்று செயலிழக்கிறது. நல்ல எண்தான். ஆனால் அந்த ஒன்று எப்படிச் சாகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

சொல்லாமல் போகும் உயிர்

ஹார்டு டிஸ்க் பெரும்பாலும் சொல்லிவிட்டுச் சாகும். கடகட என்று சத்தம் வரும், ஃபைல் திறக்க நேரமாகும், சில இடங்கள் மட்டும் படிக்க மறுக்கும். அந்த அவகாசத்தில் முக்கியமானதைக் காப்பாற்றிவிடலாம். எஸ்.எஸ்.டி. நேற்று இரவு நன்றாக ஓடியிருக்கும். காலையில் கணினியைப் போட்டால் ‘டிரைவ் இல்லை’ என்று திரை சொல்லும். செல்கள் எல்லாம் நன்றாகவே இருக்கும். கன்ட்ரோலரோ, எந்தத் தகவல் எங்கே இருக்கிறது என்று அது வைத்திருக்கும் வரைபடமோ போயிருக்கும்.

ஹார்டு டிஸ்க் தட்டைக் கழற்றிப் படிக்கும் வித்தை இங்கே எடுபடாது. தகவல் பல சிப்களில் சிதறிக் கிடக்கிறது. பல மாடல்களில் கன்ட்ரோலரே அதைக் குறியாக்கம் செய்தும் வைக்கிறது. சாவி கன்ட்ரோலரில் இருக்கிறது, கன்ட்ரோலர் செத்துவிட்டது. சிப்பைப் பெயர்த்தெடுத்துப் படித்தாலும் கிடைப்பது குப்பைதான். தவறுதலாக அழித்த ஃபைலுக்கும் இதே கதி. அந்த இடம் இனித் தேவையில்லை என்று ‘டிரிம்’ என்ற கட்டளை மூலம் இயங்குதளம் டிரைவுக்கு உடனே சொல்லிவிடுவதால், ஹார்டு டிஸ்க்கில் மீட்டெடுக்க முடிந்த அளவு இங்கே முடியாது. கல்யாண ஆல்பமும் ஆய்வேடும் கடைக்கணக்கும் ஒரே லேப்டாப்பில் மட்டும் இருக்கும் வீடுகளில், இதைத்தான் உரக்கச் சொல்ல வேண்டும். ஹைபர்னேஷனை அணைப்பதில் காட்டும் அக்கறையில் பாதியை பேக்கப்பில் காட்டினால் போதும்.

இந்தத் திடீர் மரணத்துக்கு இரண்டு பெரிய காரணங்கள் பதிவாகியிருக்கின்றன. ஒன்று, மின்சாரம். ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகமும் எச்.பி. ஆய்வுக்கூடமும் 2013-ல் ஐந்து நிறுவனங்களின் 15 எஸ்.எஸ்.டி.களை எடுத்து, எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரத்தைத் துண்டித்துப் பார்த்தன. மூவாயிரம் தடவைக்கு மேல் துண்டித்தார்கள். 15-ல் 13 டிரைவ்கள் ஏதாவது ஒரு கோளாறைக் காட்டின. தகவல் சிதைந்தது, பாதி எழுதியது அப்படியே நின்றது, வரைபடம் குழம்பியது. முழுதாகச் செயலிழந்த டிரைவும் உண்டு. சர்வர்களுக்கான விலை உயர்ந்த டிரைவ்களில், மின்சாரம் போன நொடியில் மிச்சத்தை எழுதி முடிக்க மின்தேக்கிகள் வைத்திருக்கிறார்கள். வீட்டு மாடல்கள் பெரும்பாலானவற்றில் அது கிடையாது. லேப்டாப்புக்கு பேட்டரி இருக்கிறது. யு.பி.எஸ். இல்லாமல் டெஸ்க்டாப் வைத்திருக்கும் ஜெராக்ஸ் கடைக்காரரும் டியூஷன் சென்டர்காரரும் ஒவ்வொரு கரண்ட் கட்டிலும் இந்தச் சோதனையைத்தான் நடத்திக்கொண்டிருக்கிறார்கள்.

இரண்டாவது காரணம், டிரைவுக்குள் இருந்து அதை இயக்கும் நிரலான ஃபார்ம்வேர். 2019 நவம்பரில் எச்.பி. என்டர்பிரைஸ் நிறுவனம் தன் சர்வர் வாடிக்கையாளர்களுக்கு ஓர் அவசர அறிவிப்பு அனுப்பியது. சில எஸ்.எஸ்.டி. மாடல்கள் சரியாக 32,768 மணி நேரம் ஓடியதும், அதாவது 3 வருடம் 270 நாள் 8 மணி நேரத்தில், செத்துவிடும். டிரைவும் கிடைக்காது, தகவலும் கிடைக்காது. கூட்டல், கழித்தல் குறியோடு வைக்கும் 16 பிட் எண்ணில் பதியக்கூடிய எல்லை 32,767. மணிக்கணக்கு அதைத் தாண்டியதும் நிரல் தடுமாறிவிடும் என்பது கணினி படித்த எவருக்கும் புரியும். நான்கு மாதம் கழித்து இன்னொரு அறிவிப்பு வந்தது. வேறு மாடல்கள், இந்தமுறை 40,000 மணி நேரம்.

இதில் குலைநடுங்க வைக்கும் விஷயம் ஒன்று உண்டு. ஒரு டிரைவ் போனாலும் மற்றவை காப்பாற்றும் என்ற நம்பிக்கையில்தான் சர்வரில் பல டிரைவ்களைச் சேர்த்துப் பொருத்துகிறார்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் பொருத்தியிருந்தால், எல்லாம் ஒரே நேரத்தில் சாகும். பேக்கப் டிரைவும் அதே நாளில் வாங்கிய அதே மாடலாக இருந்தால் அது பேக்கப் ஆகாது.

வீட்டு டிரைவ்களும் தப்பவில்லை. 2023-ல் சாம்சங்கின் உயர்ரக 980 புரோ டிரைவ்கள் சில, திடீரென்று எழுத மறுத்து ‘படிக்க மட்டும்’ நிலைக்குப் போயின. நிறுவனம் ஃபார்ம்வேர் திருத்தம் கொடுத்தது. அதை நிறுவாதவர்களுக்குத் திருத்தத்தால் பயனில்லை. ஃபோன் அப்டேட் கேட்டால் தட்டிவிடும் நாம், டிரைவுக்கு அப்டேட் உண்டு என்றே நினைப்பதில்லை.

காரில் இறந்த சிப்

எழுதி எழுதியே செத்த ஃபிளாஷுக்கு உலகம் அறிந்த உதாரணம் வேண்டுமென்றால், டெஸ்லாவைச் சொல்லலாம். 2018-வரை தயாரான மாடல் எஸ், மாடல் எக்ஸ் கார்களின் நடுத்திரைக் கணினியில் 8 ஜிபி மட்டுமே கொண்ட ஃபிளாஷ் சிப் இருந்தது. எஸ்.எஸ்.டி.யின் சின்னத் தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். காரின் மென்பொருள் ஓயாமல் குறிப்புகளை அதில் எழுதிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு தொகுதியும் 3,000 தடவை தாங்கும். இடம் சின்னது என்பதால் ஐந்து, ஆறு ஆண்டுகளில் அந்தக் கணக்கு முடிந்துபோனது.

திரை இருண்டது. பின்பக்கக் கேமரா போனது. கண்ணாடியில் படியும் பனியை நீக்கும் கட்டுப்பாடும் போனது. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2020-ல் விசாரணையைத் தொடங்கி, 2021 ஜனவரியில் கார்களைத் திரும்பப் பெறச் சொன்னது. காலப்போக்கில் தேயும் பாகம் தேய்ந்திருக்கிறது, இது குறைபாடு ஆகாது என்று டெஸ்லா வாதாடிப் பார்த்தது. கடைசியில் 1,34,951 கார்களைத் திரும்ப அழைத்து, 64 ஜிபி சிப் பொருத்திக் கொடுத்தது.

கொள்ளளவுதான் ஆயுள் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. சிசிடிவி பெட்டி, செட்டாப் பாக்ஸ், ராஸ்பெர்ரி பை என்று சின்ன சிப்பில் இடைவிடாமல் எழுதும் கருவிகளுக்குத்தான் தேய்மானப் பயம் பொருந்தும். 512 ஜிபி லேப்டாப்புக்கு இல்லை.

பீரோவில் வைத்தால்?

2015-ல் ஒரு செய்தி உலகைச் சுற்றியது: கரண்ட் கொடுக்காமல் வைத்தால் எஸ்.எஸ்.டி. ஒரு வாரத்தில் எல்லாவற்றையும் மறந்துவிடும் என்று. ஜெடெக் என்ற தர அமைப்பின் அட்டவணை ஒன்றைத் தப்பாகப் படித்ததால் வந்த வினை அது. எழுது வரம்பு முழுதும் தீர்ந்துபோன வீட்டு டிரைவ்கூட, 30 டிகிரி வெப்பத்தில் மின்சாரம் இல்லாமல் ஒரு வருடம் தகவலைக் காக்க வேண்டும் என்பதுதான் அந்தத் தரம். புது டிரைவ் அதைவிட வெகுகாலம் தாங்கும்.

ஆனாலும் நம் ஊருக்கு இதில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. வைக்கும் இடத்தில் வெப்பம் 5 டிகிரி கூடினால், தாங்கும் காலம் ஏறத்தாழப் பாதியாகக் குறையும். சித்திரை வெயிலில் மொட்டைமாடிக்குக் கீழே உள்ள அறையின் பீரோ 30 டிகிரியில் இருக்காது. செல்லில் தகவல் மெல்ல மங்குவது கற்பனையும் இல்லை. 2014-ல் சாம்சங் 840 ஈவோவில் பழைய ஃபைல்கள் மட்டும் ஆமை வேகத்தில் திறந்தன. முதல் திருத்தம் போதாமல், 2015-ல் பழைய தகவலை அவ்வப்போது புதுப்பித்து எழுதும் ஃபார்ம்வேரை நிறுவனம் கொடுத்தது. குழந்தையின் பிறந்தநாள் வீடியோவை இருபது வருடம் பெட்டிக்குள் பூட்டிவைக்க எஸ்.எஸ்.டி. ஏற்ற இடம் இல்லை. அதற்கு ஹார்டு டிஸ்க்கே மேல். அதையும் ஒரு பிரதியோடு நிறுத்தக் கூடாது.

[பெட்டிச் செய்தி: ஐந்து நிமிடத்தில் பரிசோதனை]

விண்டோஸில் ‘கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ’ என்ற இலவச மென்பொருளைத் திறந்தால் டிரைவின் ஜாதகம் தெரியும். லினக்ஸிலும் மேக்கிலும் ‘ஸ்மார்ட்மன்டூல்ஸ்’.

‘பெர்சன்டேஜ் யூஸ்டு’ – எழுது வரம்பில் எவ்வளவு தீர்ந்தது. 100-ஐத் தாண்டியும் ஓடும்.

‘அவைலபிள் ஸ்பேர்’ – மிச்சமுள்ள உபரி செல்கள். 100-லிருந்து இறங்கத் தொடங்கினால் கவனம் தேவை.

‘மீடியா அண்ட் டேட்டா இன்டெக்ரிட்டி எரர்ஸ்’ – பூஜ்யமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அன்றைக்கே பேக்கப் எடுங்கள்.

‘அன்சேஃப் ஷட்டவுன்ஸ்’ – திடீரென்று மின்சாரம் போன தடவைகள். நூற்றுக்கணக்கில் இருந்தால் யு.பி.எஸ். வாங்கும் நேரம்.

[பெட்டி முடிவு]

விலை ஏறும் நேரத்தில்

ஆயுசைப் பற்றிய பேச்சு இப்போது சூடுபிடித்திருப்பதற்குக் காரணம் சந்தை. ஏ.ஐ. தரவு மையங்கள் மெமரி சிப்களை அள்ளிக்கொண்டு போகின்றன. வீட்டு வாடிக்கையாளர்களுக்குப் பழக்கமான குருஷியல் பிராண்டையே மூடப்போவதாக மைக்ரான் நிறுவனம் 2025 டிசம்பரில் அறிவித்தது. விற்ற டிரைவ்களுக்கு உத்தரவாதம் தொடரும் என்றும் சொன்னது. புதியது விலை ஏறினால், இருப்பதை நீட்டிக்கவும் பழையதை வாங்கவும்தான் ஜனங்கள் பார்ப்பார்கள். போலிகளுக்கும் அதுவே அறுவடைக் காலம். 2022-ல் ஓர் இணையக் கடையில் ‘30 டெராபைட் எஸ்.எஸ்.டி.’ 39 டாலருக்கு விற்பனைக்கு இருந்தது. அந்த வகைப் பெட்டியைப் பிரித்துப் பார்த்தபோது, உள்ளே பசை போட்டு ஒட்டிய இரண்டு மெமரி கார்டுகள்தான் இருந்தன.

பழைய டிரைவ் என்றாலே ஒதுக்க வேண்டியதில்லை. ஷ்ரோடர் குழு 2022-ல் ஏறத்தாழ 20 லட்சம் நிறுவன எஸ்.எஸ்.டி.களை ஆராய்ந்தது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை எழுது வரம்பில் சொற்பப் பங்கையே தீர்த்திருந்தன. சர்வரிலிருந்து கழற்றி விற்கப்படும் டிரைவ், எழுத்து விஷயத்தில் ஏறக்குறைய புதுசாகவே இருக்கலாம். பார்க்க வேண்டியது மணிக்கணக்கும் ஃபார்ம்வேர் பதிப்பும்தான். 40,000 மணி நேரத்தில் சாகும் என்று எச்.பி. என்டர்பிரைஸ் எச்சரித்த ரகத்தில், 39,000 மணி நேரம் ஓடிய, திருத்தம் நிறுவப்படாத டிரைவ் ஒன்று கையில் சிக்கினால், அதற்கு மிச்சம் இருப்பது ஆறு வாரம்.